ஸ்வீடிஷ் நீளச் சொற்களை எங்கே உடைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடிஷ் படிக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்வீடிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய ஒலி நம் எழுத்துக்குள் முழுசாக அடங்காது, ஆகவே ஒலிப்பைக் காதால் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நமக்கு வேண்டியது சொல்லின் எலும்புக்கூடு மட்டும்தான்.

இந்தச் சொற்கள் ஏன் இவ்வளவு நீளம்?

நீளம் எழுத்தில் மட்டும்தான். நாம் "பொது நல வாரியம்" என்று இடைவெளி விட்டு எழுதுவதை அவர்கள் இடைவெளி இல்லாமல் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஷூக் என்றால் நோய்ப்பட்ட, ஹூஸ் என்றால் வீடு, ஷூக்ஹூஸ் என்றால் மருத்துவமனை. கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் அடிபட்ட ஃபொல்க்ஹெல்சோமின்டிக்ஹேட்டென் என்ற அமைப்பை (2014இல் தொடங்கியது) எடுத்துக்கொள்ளுங்கள். ஃபொல்க் மக்கள், ஹெல்சா உடல்நலம், மின்டிக்ஹேட் அரசு அமைப்பு, கடைசியில் ஒட்டியிருக்கும் என் என்ற ஒலி "அந்த" என்று சுட்டுவது. மக்கள் நல அமைப்பு. பிரித்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, எங்கே பிரிப்பது என்பதுதான் சிக்கல்.

எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

பின்னாலிருந்து. நம் இலக்கணப்படி சொன்னால் வருமொழிதான் முதலாளி, நிலைமொழி அதற்கு அடைமொழி. பூர்ட் என்றால் மேசை, லம்ப்பா என்றால் விளக்கு. பூர்ட்ஸ்லம்ப்பா மேசைமேல் வைக்கிற விளக்கு, லம்ப்பூர்ட் விளக்கு வைக்கிற மேசை. தமிழிலும் இதே வரிசைதான் என்பதால் இந்த விஷயத்தில் நமக்குக் கஷ்டமே இல்லை, ஃபிரெஞ்சுக்காரர்கள்தான் திணறுவார்கள்.

பாலும் பன்மையும் கடைசிச் சொல்லையே பார்க்கும். ஸ்வீடிஷில் பெயர்ச்சொற்கள் "என்" வகை, "எட்" வகை என்று இரண்டு. மேசை எட் வகை, விளக்கு என் வகை, ஆகவே பூர்ட்ஸ்லம்ப்பா என் வகை. நீளமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு துண்டுக்கும் பால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முன்னால் வரும் சொல் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். பல் மருத்துவர் தன்ட்லெக்காரெ, "பற்கள் மருத்துவர்" இல்லை, நம்மைப் போலவே. ஆனால் கண் மருத்துவர் ஓகொன்லெக்காரெ, அதில் ஓகொன் என்பது பன்மை வடிவம். ஏன் என்று கேட்டால் வழக்கு என்றுதான் பதில் வரும்.

நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு எஸ் வருகிறதே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆறு + கரை என்பது ஆற்றங்கரை ஆகிறது. நடுவில் நுழைந்த அந்த "அம்" என்பதற்குத் தனிப் பொருள் கிடையாது, அதை நாம் சாரியை என்கிறோம். ஸ்வீடிஷ் எஸ் அதே வேலையைத்தான் செய்கிறது. வரலாற்றில் அது ஆறாம் வேற்றுமை உருபு, அதாவது "உடைய". இன்று அந்தப் பொருள் தேய்ந்து, வெறும் ஒட்டுப் பசையாக நிற்கிறது.

ஆனால் சாரியையைவிட இந்த எஸ் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான ஒன்றைச் செய்யும். பாருங்கள்: வீன் என்றால் ஒயின், கிளாஸ் என்றால் கண்ணாடிக் கோப்பை. வீன்கிளாஸ் ஒயின் கோப்பை, எஸ் இல்லை. இப்போது சிவப்பு ஒயின், அதாவது ரோட்வீன், அதற்கான கோப்பை வேண்டும். ரோட்வீன்ஸ்கிளாஸ். திடீரென்று எஸ் வந்துவிட்டது! ஒயினும் கோப்பையும் மாறவில்லை, முன்னால் "சிவப்பு" ஒன்றுதான் சேர்ந்தது. அந்த எஸ் சொல்வது இதுதான்: "பெரிய மூட்டு இங்கே இருக்கிறது, எனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொள்." அதாவது (சிவப்பு ஒயின்) + கோப்பை. (சிவப்பு) + (ஒயின் கோப்பை) இல்லை. கோப்பையே சிவப்பு நிறமாக இருந்தால் அதைத் தனி உரிச்சொல்லாக, இடைவெளி விட்டுச் சொல்வார்கள்.

இதே கதைதான் வேக்கொர்ஸ்னிங் (சாலைச் சந்திப்பு), யேர்ன்வேக்ஸ்கொர்ஸ்னிங் (ரயில்பாதைக் கடவு) இரண்டிலும். வேக் சாலை, யேர்ன் இரும்பு, இரும்புச்சாலை என்றால் ரயில்பாதை. இரும்பு வந்து சேர்ந்ததும் எஸ் வந்தது. உல்கார்ன் கம்பளி நூல், பொமுல்ஸ்கார்ன் பருத்தி நூல் (பருத்திக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே "கம்பளி" ஒளிந்திருக்கிறது). எனக்குப் பிடித்தது பார்ன்பார்ன்ஸ்பார்ன்: பார்ன் என்றால் குழந்தை, பார்ன்பார்ன் பேரக்குழந்தை, மூன்றாவது குழந்தை வரும்போது எஸ் வந்து நிற்க, கொள்ளுப்பேரக்குழந்தை. மூன்று முறை ஒரே சொல், ஆனால் எந்த இரண்டு முதலில் சேர்ந்தது என்பதில் குழப்பமே இல்லை.

ஆகவே நீளமான சொல்லைப் பார்த்ததும் இடமிருந்து வலமாக எழுத்துக் கூட்டாதீர்கள். முதலில் எஸ் எங்கே என்று தேடுங்கள். அங்கே வெட்டிவிட்டு அப்புறம் ஒவ்வொரு பாதியாகப் பாருங்கள்.

அப்போ எஸ் எப்போது வரும் என்று விதி இருக்கிறதா?

பாதி விதி, பாதி பழக்கம். சில விகுதிகளில் முடியும் சொற்களுக்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் வரும்: நிங், ஹேட், ஸ்காப், ஷூன், டூம் மாதிரியானவை. ஃப்ரீஹேட் (சுதந்திரம்), உங்டூம் (இளைஞர்), ஸ்டஷூன் (நிலையம்) எல்லாம் அடுத்த சொல்லோடு சேரும்போது கண்ணை மூடிக்கொண்டு எஸ் போடலாம். எல்ஸெ என்று முடிந்தால் வராது: ஸ்டீரெல்ஸெமோட்டெ என்றால் நிர்வாகக் குழுக் கூட்டம், எஸ் இல்லை.

சின்னத் தனிச்சொல் முன்னால் வந்தால் மனப்பாடம்தான். மேசை விளக்கு பூர்ட்ஸ்லம்ப்பா, ஆனால் மேசைப்பந்து பூர்ட்டென்னிஸ். ஒரே மேசை. இதற்குக் காரணம் கேட்டு வகுப்பில் நேரம் செலவழித்த அனுபவம் எனக்கு உண்டு, வேண்டாம்.

கூட்டுச்சொல் முன்னால் வந்தால் எஸ் என்ற அந்த அழகான விதிக்கும் ஓட்டை உண்டு. முதல் பகுதி ஏற்கனவே எஸ் ஒலியில் முடிந்தால் இன்னொன்று எதற்கு? ஸ்மோர்கோஸ்பூர்ட் (பலவகை உணவு பரப்பிய மேசை) அப்படித்தான் எஸ் கேட்காமல் நிற்கிறது. வின்ஸ்ட் (லாபம்) மாதிரி நாக்கைச் சுளுக்கும் முடிவு என்றாலும் விட்டுவிடுவார்கள். நடுக்கோடை விழாவில் நடும் கம்பம் மிட்ஸொமர்ஸ்டொங், இதில் மிட்ஸொமர் என்பதே கூட்டுச்சொல், இருந்தும் எஸ் இல்லை. (கம்பத்தின் பெயரே எஸ்ஸில்தான் தொடங்குகிறது, அது ஒட்டு எஸ் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்.) யேர்ன்வேக்ஸ்ஸ்டஷூன், ரயில் நிலையம், இதில் இரண்டு எஸ்ஸும் உண்டு: ஒன்று ஒட்டு, ஒன்று நிலையத்தின் சொந்த எஸ். ஸ்வீடன்காரர்களே ஒன்றை விட்டுவிட்டு எழுதுவதைப் பார்க்கலாம்.

கடைசி ஆ சில சமயம் காணாமல் போகிறது, சில சமயம் ஓ, உ என்று மாறுகிறது. ஏன்?

தென்னை + கீற்று எப்படித் தென்னங்கீற்று ஆகிறது? ஐ போய்விட்டது. மரம் + கிளை மரக்கிளை ஆகும்போது ம் போய்விட்டது. அதே மாதிரி ஸ்கூலா (பள்ளி) + பூக் (புத்தகம்) சேரும்போது ஆ கழன்று ஸ்கூல்பூக். ஃப்ளிக்கா (சிறுமி) ஃப்ளிக் ஆகிவிடும். இது சாதாரண வழி.

பழைய சொற்கள் சிலவற்றில் ஆ மாறி நிற்கும். காத்தா (தெரு), காத்துஷோக் (தெருவோரச் சாப்பாட்டுக் கடை). ஷிர்கா (தேவாலயம்), ஷிர்கோகோர்ட் (கல்லறைத் தோட்டம்). இந்த உ, ஓ இரண்டும் பழைய ஸ்வீடிஷின் வேற்றுமை வடிவங்கள், மொழி அவற்றை எல்லா இடத்திலும் கைவிட்ட பிறகு கூட்டுச்சொல்லுக்குள் மட்டும் புதைபடிவம் மாதிரி தங்கிவிட்டன. எந்தச் சொல்லுக்கு உ, எதற்கு ஓ என்பதும் சும்மா வந்ததில்லை: அந்தக் காலத்தில் முதல் அசை குறிலாக, லேசாக இருந்தால் உ, கனமான அசையாக இருந்தால் ஓ. இன்றைய உச்சரிப்பில் தெருவின் முதல் அசை நெடிலாகிவிட்டதால் காரணம் மறைந்துவிட்டது, விளைவு மட்டும் மிச்சம். நேர், நிரை படித்த நமக்கு அசையின் எடை என்ற எண்ணம் புதிதில்லை.

ஆனால் தெருவிளக்கு காட்லிக்தா. தேவாலயக் கோபுரம் ஷிர்க்டூர்ன். அதே தெரு, அதே தேவாலயம், இங்கே உயிரெழுத்தே இல்லை. சொல்லோடு சேர்த்துத்தான் கற்க வேண்டும்.

சரி, வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டும் என்றால் எங்கே கோடு போடுவது?

இதை ஆவ்ஸ்தாவ்னிங் என்பார்கள். முதல் விதி, எல்லாவற்றுக்கும் மேலான விதி: கூட்டுச்சொல்லை மூட்டில் உடை. ஒட்டு எஸ் முன்பகுதியோடு போகும். கால்பந்து அணி ஃபூட்போல்ஸ்லாக், இதை ஃபூட்போல்ஸ்-லாக் என்று உடைக்க வேண்டும். தவறி ஃபூட்போல்-ஸ்லாக் என்று உடைத்தால், ஸ்லாக் என்றால் அடி, சண்டை என்று பொருள். கால்பந்துச் சண்டை.

இங்கேதான் வாய் சொல்லும் அசையும் கை எழுதும் பிரிப்பும் தனித்தனி வழியில் போகின்றன. ஸ்கூலெக்ஸெம்பெல் என்றால் "பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த எடுத்துக்காட்டு". வேகமாகப் பேசும்போது ஸ்கூ-லெக்-ஸெம்-பெல் என்று ஓடும், நாம் மெய்யையும் உயிரையும் சேர்த்துவிடுவது மாதிரிதான். எழுத்தில் அப்படி உடைக்கவே கூடாது, ஸ்கூல்-எக்ஸெம்பெல் மட்டும்தான் சரி. தவறாக உடைத்தால் முதல் வரியின் கடைசியில் ஸ்கூ, அதாவது காலணி, தனியாக நிற்கும்.

மூட்டு இல்லாத தனிச்சொல் என்றால் இரண்டு வழி, இரண்டும் ஏற்கத்தக்கவை. ஒன்று, ஒரு மெய்யை அடுத்த வரிக்குக் கொண்டுபோவது: ஸ்கூலூர் (பள்ளிகள்) ஸ்கூ-லூர். இன்னொன்று, பகுதி விகுதி பார்த்து உடைப்பது: ஸ்கூல்-ஊர். நம்மூர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. ங் என்ற ஒரே ஒலியைக் குறிக்கும் இரண்டு லத்தீன் எழுத்துகளைப் பிரிக்கக் கூடாது, குட்டிகள் என்ற சொல் உங்-அர்தான்.

மூன்று ஒரே எழுத்து சேர்ந்தால்?

இரண்டுதான் எழுதுவார்கள். நட் (இரவு) இரண்டு டி-யில் முடிகிறது, டோக் (ரயில்) ஒரு டி-யில் தொடங்குகிறது, சேர்ந்தால் மூன்று டி வரவேண்டும், எழுதுவது இரண்டு: நட்டோக். சூயிங் கம்முக்குத் துக்கும்மி, துக் மெல்லுதல், கும்மி ரப்பர், அதிலும் மூன்று ஜி-யில் ஒன்று போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், வரி முடிவில் அதே சொல்லை உடைத்தால் காணாமல் போன மூன்றாவது எழுத்து திரும்பி வந்துவிடும். முதல் வரியில் இரண்டு டி, கோடு, அடுத்த வரியில் மூன்றாவது டி. ஜெர்மன்காரர்கள் 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மூன்றையும் எப்போதும் எழுதுகிறார்கள். பார்க்க அசிங்கம், ஆனால் படிக்கிறவனுக்கு வசதி என்பேன். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

ஒரே சொல்லை இரண்டு விதமாக உடைக்க முடியுமா?

தாராளமாக. நம் பொதுமொழி மாதிரிதான்: பலகை என்றால் பலகை, பல + கை என்றாலும் பொருள் வரும். ஸ்வீடிஷில் இதற்குப் பேர்போன சொல் பில்ட்ருல்லெ. பீல் (கார்) + ட்ருல்லெ (கோமாளித்தனமாகத் தடுமாறுகிறவன்) என்றால் தாறுமாறாக வண்டி ஓட்டுகிறவன். பில்ட் (படம்) + ருல்லெ (சுருள்) என்றால் படச்சுருள். டி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எல்லாம்.

அதைவிட மோசம் கிளாஸ்கோல். மூன்று எழுத்து இரண்டாகும் விதி இங்கே விளையாடுகிறது. கிளாஸ் (கண்ணாடி) + ஸ்கோல் (கிண்ணம்) கண்ணாடிக் கிண்ணம். கிளஸ் (ஐஸ்கிரீம்) + ஸ்கோல் ஐஸ்கிரீம் கிண்ணம், மூன்று எஸ்ஸில் ஒன்று விழுந்தது. கிளஸ் + கோல் (முட்டைக்கோஸ்) ஐஸ்கிரீம் முட்டைக்கோஸ். மூன்றுக்கும் எழுத்து ஒன்றே! முதல் தடவை ஒரு கடையில் விலைச்சீட்டில் பார்த்துவிட்டு நான் மூன்றாவதைத்தான் படித்தேன், இந்த ஊரில் இதுவும் சாப்பிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கணினியில் தானாக வரி உடைக்கும்போதும் இதே தவறு நடக்கலாம், ஏனென்றால் பொருள் தெரியாமல் மூட்டு தெரியாது.

வாயால் சொல்லும்போது எங்கே அழுத்துவது?

முதல் துண்டில் பெரிய அழுத்தம், கடைசித் துண்டில் சின்ன அழுத்தம், நடுவில் இருப்பவை அடங்கிப் போக வேண்டும். ஸ்டாக்ஹோம் பக்கம் இது இரண்டு மேடு உள்ள ராகமாகக் கேட்கும், ஒரு ஏற்றம் தொடக்கத்தில், இன்னொன்று முடிவில். தெற்கே ஸ்கோனெ பகுதியில் ராகம் வேறு, பின்லாந்தின் ஸ்வீடிஷில் இந்தத் தொனி வேறுபாடே கிடையாது. தமிழர்கள் செய்யும் தவறு எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பது. கேட்கிறவருக்கு அது ஒரு சொல்லாகவே கேட்காது, நாலு சொல்லாகக் கேட்கும்.

இடைவெளி விட்டே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பொருள் மாறிவிடும். கைக்குட்டை வேறு, கை குட்டை வேறு, இல்லையா? அதேதான். ஷூக்ஷோத்தெர்ஸ்கா செவிலியர். ஷூக், இடைவெளி, ஷோத்தெர்ஸ்கா என்றால் நோய்வாய்ப்பட்ட செவிலியர். ரோக்ஃப்ரிட் என்று சேர்த்து எழுதினால் புகை பிடிக்கக் கூடாத இடம், பிரித்து எழுதினால் "தாராளமாகப் புகை பிடி". கஸ்ஸாபெர்ஷொனால் கல்லாப்பெட்டி ஊழியர்கள், பிரித்தால் "உதவாக்கரை ஊழியர்கள்". ஷிக்லிங்லேவெர் கோழி ஈரல், பிரித்தால் "கோழி உயிரோடிருக்கிறது".

இந்தப் பிழைக்கு ஸேர்ஸ்க்ரீவ்னிங் என்று பெயரே உண்டு. இதைப் பார்த்தால் சிலருக்கு நம்மூரில் ல, ள மாற்றி எழுதியதைப் பார்த்த தமிழாசிரியர் மாதிரி கோபம் வரும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது கவனமாக இருங்கள்.

சொல்லின் நடுவில் ஒரு கோடு தொங்குகிறதே, அச்சுப் பிழையா?

இல்லை. நேர அட்டவணையிலும் அறிவிப்புப் பலகையிலும் "சோன்- ஒக் ஹெல்ய்டாகர்" என்று பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சோன்டாக், விடுமுறை நாள் ஹெல்ய்டாக், இரண்டிலும் பொதுவான "டாக்" (நாள்) என்பதை ஒரு தடவை மட்டும் எழுதி, முதல் சொல்லுக்குக் கோடு போட்டுக் கடன் சொல்லியிருக்கிறார்கள். பாதிச் சொல்லை அகராதியில் தேடாதீர்கள், அடுத்த சொல்லின் வாலை எடுத்து ஒட்டுங்கள்.

மிக நீளமான ஸ்வீடிஷ் சொல் எது?

ஸ்வீடிஷ் அகாடமியின் சொற்பட்டியலில் நீளமானது என்று வழக்கமாகக் காட்டுவது ரியலிசஷூன்ஸ்வின்ஸ்ட்பெஸ்கட்னிங், லத்தீன் எழுத்தில் 28. சொத்தை விற்றுக் கிடைத்த லாபத்துக்கு வரி விதிப்பது. எஸ் இருக்கும் இடத்தில் வெட்டுங்கள்: ரியலிசஷூன் (விற்றுப் பணமாக்குதல்), வின்ஸ்ட், பெஸ்கட்னிங் (வரிவிதிப்பு). பெரிய மூட்டு லாபத்துக்குப் பின்னால்தான், ஆனால் அங்கே எஸ் இல்லை, முன்பே சொன்ன நாக்குச் சுளுக்கு காரணம்.

சாதனைக்காகக் கட்டிய சொல் ஒன்று கின்னஸில் ஏறியது, 130 எழுத்து, நான் எண்ணியபடி 44 அசை. அதைத் துண்டுகளாகத் தருகிறேன்: நூர்ட், ஓஸ்டெர், ஷோ, குஸ்ட், ஆர்டிலெரி, ஃப்ளீக், ஸ்பானிங்ஸ், சிமுலாட்டோர், அன்லெக்னிங்ஸ், மட்டெரியேல், உன்டெர்ஹோல்ஸ், உப்ஃபோல்ய்னிங்ஸ், சிஸ்டேம், டிஸ்குஷூன்ஸ், இன்லெக்ஸ், ஃபோர்பெரேடெல்ஸெ, ஆர்பேட்டென். இப்போது பின்னாலிருந்து வாருங்கள். வேலைகள். என்ன வேலைகள்? தயாரிப்பு வேலைகள். எதற்குத் தயாரிப்பு? ஒரு விவாதத்தில் முன்வைக்கும் கருத்துக்கு. எதைப் பற்றிய விவாதம்? ஒரு கண்காணிப்பு முறை. எதைக் கண்காணிக்க? கருவிகளின் பராமரிப்பை. எங்கே உள்ள கருவிகள்? விமான உளவுப் பயிற்சிக்கான செயற்கைக் கூடத்தில். யாருடையது அது? வடகிழக்கு பால்டிக் கடலோரப் பீரங்கிப் படையுடையது. ஆறு ஒட்டு எஸ் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். யாரும் இதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை, ஆனால் இலக்கணம் ஒரு இடத்திலும் மீறப்படவில்லை.

பார்த்த சொல் அகராதியில் இல்லையென்றால் அது தவறான சொல்லா?

இல்லை. அகாடமியின் சொற்பட்டியல் 1874இல் முதலில் வந்தது, 2015இல் வந்த 14ஆம் பதிப்பில் ஏறக்குறைய 1,26,000 சொற்கள். தினமும் பத்திரிகையில் முளைக்கும் கூட்டுச்சொற்கள் எல்லாம் அதில் அடங்காது. விமானத்தில் போவதற்கு வெட்கப்படுவதைக் குறிக்கும் ஃப்ளீக்ஸ்கம் என்ற சொல் 2018ஆம் ஆண்டின் புதுச்சொல் பட்டியலில் ஏறியது. ஃப்ளீக், ஸ்கம் இரண்டும் தெரிந்தவனுக்குப் பட்டியல் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் துண்டுகள் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்று எல்லா இடத்திலும் நம்பாதீர்கள். ஷோல்ட்படா என்றால் "கேடயத் தேரை", அது ஆமை, ஊகித்துவிடலாம். யூர்ட்குப்பெ இன்றைய சொற்களை வைத்துப் பார்த்தால் "மண் கிழவன்", அது ஸ்ட்ராபெரி. ஸ்மோர்கோஸ் "வெண்ணெய் வாத்து", அது வெண்ணெய் தடவிய ரொட்டி, கடையும்போது மேலே மிதக்கும் வெண்ணெய்க் கட்டிகள் வாத்து மாதிரி தெரிந்ததால் வந்த பெயராம். மூட்டில் சரியாக வெட்டியும் வாத்து வந்து நின்றால், அப்போது மட்டும் அகராதியைத் திறங்கள்.